மாட்டுக்குத் தண்ணீர்

அலிபிரி சாலையில் இருக்கிற மனநல மையத்தில் சிவசங்கரி ஓவிய சிகிச்சை பழகிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் பேச முடியாதவர்களை வரையவைத்து, மெல்லப் பேசவைக்கிற வேலை. அவளிடம் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்டவர் கார்வேட்டிநகரம் பக்கத்துச் செங்கம்மா. புருஷன் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தவரை, மகன் கோபிகிருஷ்ணன்தான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாராவாரம் பஸ்ஸில் அழைத்துவருவான்.

செங்கம்மா எப்போதும் வரைந்தது ஒரே மாடு. முளைக்குச்சியில் கட்டிய சிவப்பு மாடு. சிவசங்கரி சும்மா இருப்பாளா? கயிறு என்றால் அடக்கிவைத்த துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று படித்ததையெல்லாம் அதன் முதுகில் ஏற்றினாள். மாடு பாவம், எல்லாவற்றையும் சுமந்தது. "எலா உந்தி, செங்கம்மா காரு?" என்று தெலுங்கில் கேட்பாள். "பாகுந்தி மேடம்" என்று பதில் வரும். நன்றாக இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் வராது.

சிவசங்கரியும் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று படியேறிவிட்டால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நாக்கு தானாகத் தெலுங்குக்குத் திரும்பிக்கொள்ளும். செங்கம்மாவுக்கும் அப்படித்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று வந்ததும் வராததுமாக, இதுதான் கடைசி வாரம் என்று சொல்லிவிட்டு கோபி வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். இந்த அம்மாளுக்கு நம்மால் ஒரு பயனும் இல்லையே என்ற பதற்றத்தில் சிவசங்கரியின் கை பட்டு, பிரஷ் கழுவும் டம்ளர் செங்கம்மா வரைந்துகொண்டிருந்த படத்தின் மேலேயே கவிழ்ந்தது.

"அய்யய்யோ, மாடு நனஞ்சிகினு போவுதே!" என்று கத்திவிட்டாள்.

செங்கம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீ நம்ம பாஷையா?"

"நகரி பக்கம், பெரிம்மா."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? தெலுங்கு பொண்ணுன்னு நெனச்சிகினு வாய மூடிகினு கீறேன்."

பிறகு படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அவரு ஆஸ்பத்திரில கெடக்க சொல்லோ இத்த வித்துட்டேன். அவருக்குத் தெரியாது. கண்ண மூடற வரைக்கும் 'மாட்டுக்குத் தண்ணி காட்னியா'ன்னு கேட்டுகினே இருந்தாரு. காட்னேன், காட்னேன்னேன். கடசில பொய் சொல்லி அனுப்பிட்டேம்மா. கோபிகிட்ட சொல்லவும் வாய் வர்ல."

சொல்லிவிட்டு அழுதார். சிவசங்கரிக்கும் கண் நிறைந்தது. துணியை எடுத்துப் படத்தைத் துடைக்கப் போனாள். செங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடும்மா."

கோபி வாசலில் எட்டிப் பார்த்தான். "போலாமாம்மா? பஸ்ஸு வந்துரும்."

"இர்றா," என்றார் செங்கம்மா. "மாடு தண்ணி குடிச்சிகினு கீது."

அம்மா பேசிக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. கோபி திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.