கோரைக் கொத்துக்கு ஒரு பேரு

புயலடித்த வருஷத்துக்கு முந்தின வருஷம். கடலூர் பெரியாஸ்பத்திரியில் முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, அலுப்போடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் வயசானவர், காதில் புசுபுசுவென்று மயிர். காலேஜில் இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவராம். சன்னலுக்கு வெளியே கோரை கொத்தாகத் தெரிந்தால் போதும், "ஹஸ்ஸக்" என்பார். கோரைக் கொத்துக்கு இங்கிலீஷில் அதுதான் பேராம். என் தூக்கம் கெட்டது.

"உங்க காதுல முளைச்சிருக்கே சார், அதுக்கென்ன பேரு?"

காதைத் தடவிச் சிரித்தார். "டஸ். மயிர்க் கொத்துக்கு."

"எல்லாம் கொத்துதானே, இத்தினி பேரு எதுக்கு?"

"இங்கிலீஷ்காரனே மறந்துட்ட பேருங்கம்மா. ஆசையா சேத்து வச்சேன். இப்ப எனக்கே மறதி நோயின்னுட்டாரு டாக்டர். சொல்லிக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள் தங்கும்."

பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோட்டருகே மறுபடியும் கோரை வந்தது. வாயைத் திறந்தார். பேரு வரவில்லை. கண் கலங்கி என்னைப் பார்த்தார்.

நான் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள். ஆனால் என் காதில் விழுந்தது போகாது. "ஹஸ்ஸக்" என்றேன்.

"ஆமாம்மா, அதேதான். பத்திரமா வச்சிக்குங்க."

அவர் எப்படி இருக்காரோ, தெரியாது. அந்தப் பேரால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தாலும் கோரையைக் கண்டால் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கொடுத்து வைத்த பொருளைத் தொலைத்தவள் என்ற பேரு எனக்கு இதுவரைக்கும் கிடையாது.