கான் மேல் ஒரு காம்பரா

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் முன்வாசலை யாரும் தொடமாட்டார்கள். அது எல்லாருக்கும் பொது. தண்ணீர்க் குழாய் இருப்பதும் திருவிழாவில் தேர் திரும்புவதும் அங்கேதான். வீட்டில் ஆள் கூடினால் பின்பக்கம்தான் அறை இறக்க வேண்டும். பின்பக்கம் மலைச்சரிவு. சரிவுக்கும் சுவருக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கான். வெள்ளைக்காரன் பத்துக் குடும்பத்துக்குக் கட்டிய பத்துக் காம்பரா அறைகளில் இன்று இருபத்தாறு குடும்பம். ஒவ்வொருவரும் தங்கள் பங்குக் கானைச் சீமெந்துச் சிலாப் போட்டு மூடி, சரிவை வெட்டிச் சமைக்கக் குசினி இறக்கிவிட்டார்கள். சிலாப்புக்கு அடியில் எப்படியோ ஊர்ந்து வரும் தண்ணீர் கடைசி வீட்டருகே வெளியேறும்.

அந்தக் கடைசி வீடு கிருஷ்ணகுமாரியுடையது. அவள் மட்டும் கானை மூடவில்லை. இறப்பர் பால்வெட்டு முடிந்து வந்ததும் மண்வெட்டியோடு இறங்கி, மேல்வீட்டுப் பைகளையும் பிள்ளைகளுக்குக் கட்டிய பெம்பர்ஸையும் வாரிப் போடுவாள்.

"என்ன தங்கச்சி, கானுக்குப் பொட்டு வச்சு விட்டியா?" என்பார் பக்கத்துக் காம்பராப் பழனியாண்டி.

"வச்சாச்சுண்ணே. ஒங்க வீட்டுக் குப்பையத்தான் மாலையாப் போட்டுருக்கேன்."

அவர் மனைவி அழகம்மா குசினிக்குள்ளிருந்து சிரிப்பாள்.

மகன் மதுசனுக்குக் கல்யாணமானதும் வழக்கப்படி உள்காம்பராவை அவனுக்கு விட்டுவிட்டு, கிருஷ்ணகுமாரி இஸ்தோப்புக்கு வந்தாள். இஸ்தோப்பு என்றால் முன்னால் இருக்கும் ஒடுங்கிய தாழ்வாரம். பிறகு மகள் சசி, புருஷன் வீட்டு லயத்திலும் இடமில்லாமல் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். உள்ளே ஒரு சேலையைக் குறுக்கே கட்டி மறைத்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் மதுசனும் மருமகள் ஷாமிளாவும். ஷாமிளாவுக்கு மசக்கை வந்தபோது அவள் வாந்தியெடுக்கும் சத்தம்கூட எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

"பின்னால ஒரு காம்பரா எறக்கலைன்னா நாங்க கொழும்புக்கே போயிர்றோம்மா" என்றான் மதுசன்.

"கானு இருக்குப்பா."

"ஊரே மூடியிருக்கு. நமக்கு மட்டும் என்னா?"

பேரப்பிள்ளை எங்கோ வாடகை அறையில் பிறப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. சம்மதித்தாள். பழனியாண்டியே வந்து சீமெந்து குழைத்தார். சிலாப் விழுந்தது. அதன்மேல் பலகையும் தகரமுமாக ஒரு காம்பரா எழுந்தது.

அடுத்த பெருமழையில், சிலாப்புக்கு அடியில் குப்பை அடைத்துக் கான் நிரம்பித் தேங்கியது. தண்ணீர் போக வழியில்லாமல் வெட்டிய சரிவுக்குள் இறங்கியது. பகல் சாப்பாட்டு நேரம். மண் பழனியாண்டி வீட்டுக் குசினிமேல் வந்தது. உள்ளே அழகம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பிணமாகத் தோண்டி எடுத்தபோது கிருஷ்ணகுமாரியும் மண் வாரினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கானில் வாருவது போலவே வாரினாள்.

அம்மன் கோபம் என்றார் பூசாரி. சனத்தொகை கூடிப்போனதுதான் காரணம் என்றார் குடை பிடித்து வந்த அதிகாரி. இரண்டு காரணத்திலும் ஒரே வசதி: யாரும் இவர்களுக்கு ஒரு பேர்ச் அளவு காணிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகுமாரி பெற்றது இரண்டே பிள்ளைகள். சசி பிறந்த மறுநாளே, போதும் என்று ஆஸ்பத்திரியில் கருத்தடை செய்து அனுப்பிவிட்டார்கள். அவளிடம் கேட்டார்களா என்பது அவளுக்கு நினைவில்லை. அதே மலையின் மறுபக்கத்தைத் தோட்டக் கம்பெனி உல்லாச விடுதிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. ஆறு பங்களா, ஒரு நீச்சல் குளம். அங்கே மலை வெட்டியதைச் சனப்பெருக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே இருக்கக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். எங்கே போவது என்று அதில் எழுதவில்லை. பாடசாலையில் கொஞ்ச நாள் தங்கவைத்தார்கள். பாடசாலை திறந்ததும் எல்லாரும் லயத்துக்கே திரும்பினார்கள். பயந்துபோன மதுசன் ஷாமிளாவோடு கொழும்புக்குப் போனான். வீடிழந்த பழனியாண்டியும் அவர் மகன்களும் கிருஷ்ணகுமாரியின் உள்காம்பராவுக்கு வந்தார்கள். வாங்க என்று அவள் சொல்லவில்லை, வரவா என்று அவரும் கேட்கவில்லை. சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் சசியும் பிள்ளைகளும், அந்தப் பக்கம் அவர்கள். அவள் இஸ்தோப்பில். பின்காம்பராவில் படுக்க யாருக்கும் தைரியமில்லை. சிலாப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பழனியாண்டி இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை.

மறுபடி மழை இருட்டியது. பின்காம்பராவை உடைத்தால் மகன் திரும்பி வர இடமில்லை. அவள் போய்த் தகரத்தைக் கழற்றினாள். பலகையைப் பிரித்தாள். பிறகு கனத்த இரும்பு அலவாங்கை எடுத்துச் சிலாப்பில் இறக்கினாள். சத்தம் கேட்டு வந்த பழனியாண்டி அலவாங்குக்குக் கை நீட்டினார்.

"தள்ளு தங்கச்சி. கம்பி நான் போட்டது. எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

இருவரும் உடைத்தார்கள்.

சில வாரம் கழித்து மதுசனின் அழைப்பு வந்தது.

"அம்மா, ஷாமிளாவுக்கு நாளு நெருங்கிருச்சு. இங்க ஒரே ரூமுல ஏழு பேரு. அங்க வந்துரட்டா? பின் காம்பரா இருக்குத்தானே?"

"அது இல்லப்பா. ஒடச்சாச்சு."

"ஒடச்சாச்சா?"

"இஸ்தோப்பு இருக்கு. வாங்க."

"அது நீங்க படுக்கிற எடமாச்சேம்மா. நீங்க எங்க படுப்பீங்க?"

பின்னால் கான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பை வந்து கல்லில் மாட்டியது. அவள் போனைக் காதில் வைத்தபடியே இறங்கி அதை எடுத்துப் போட்டாள்.

"மழைக்கு முந்தி வந்துருங்க" என்றாள்.