மணம் தெரியாமல் ஒரு தால்ச்சா

சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. மதுரை ஆரப்பாளையத்தில் ஏறிய பேருந்து என்னைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டபோது ஊர் முழுதாக விடிந்திருக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டரை இரண்டு பேருந்துகளில் அரைத் தூக்கத்தில் கடந்து வந்திருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் கனவின் மிச்சம் போலிருந்தது. மலைக்கோட்டைப் பாறையின் மேல்பாதி மூட்டத்துக்குள் போயிருந்தது. பாறை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பூ மார்க்கெட் பக்கம் நடந்தேன். சாக்குச் சாக்காக மல்லிகையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே நின்று மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் என் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. உப்பும் புளிப்பும் கசப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும். மிளகாய் எரியும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் காட்சி. ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட, கேஸ் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதே அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டியதால் பிழைத்தேன். அன்றே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். தனியாள், துறைமுகத்தில் கணக்கர் வேலை, மூன்று வேளையும் மெஸ். சாப்பாடு என்பது வயிற்றை நிரப்பும் காரியமாகிப் போனது. அலுவலக நண்பர் ஒருவர்தான் திண்டுக்கல் கேட்டரிங் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு.

ஒன்பது மணிக்கு டவுன் பஸ். தாடிக்கொம்பு வரை எட்டு கிலோமீட்டர். அங்கிருந்து அகரம் கூப்பிடு தூரம்.

"அகரத்துல எங்க எறங்கணும்?" என்றார் நடத்துனர்.

"சமையல் வகுப்பு நடக்குமே, அந்தத் தோப்பு."

"மெகரக்கா தோப்பா? வகுப்புக்கா வாரீக? நான் சாப்புடத்தான் போயிருக்கேன்." சிரித்தபடி பத்து ரூபாய் சீட்டைக் கிழித்தார்.

வெங்காய வயல்களும் தென்னைகளும் மெதுவாக விலகிப் போயின. தூரத்தில் சிறுமலை நீலப் புகை போலக் கிடந்தது. குடகனாற்றில் தண்ணீர் இருந்ததா, வெளிச்சம்தான் அப்படி ஓடியதா தெரியவில்லை.

தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை. வாசலில் நின்ற மெகருன்னிசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேகம்பூரில் வீடு, கல்யாணச் சமையல் எல்லாம் இந்தக் கொட்டகையில். என்னோடு படிக்க வந்தவர்கள் இருவர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மண்டி வைத்திருக்கும் செல்லமுத்து. தக்காளியை லோடு லோடாக விற்றவர், ஒரு தக்காளியை நறுக்கியதில்லை. இன்னொருவர் தேவி, பழனியில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்ப்பவர்.

என் கதையைக் கேட்டதும் மெகரக்கா சிரித்தார். "நல்லாப் போச்சு தம்பி. நீங்க மோந்து பாக்க முடியாது, நான் ருசி பாக்க முடியாது. ரமலான்ல ஒடம்பு முடியாம விட்ட நோன்ப இப்பப் புடிக்கிறேன். பகல்ல ஒரு சொட்டு நாக்குல படாது."

"அப்புறம் எப்படிங்க சமைப்பீங்க?" என்றார் செல்லமுத்து.

"நோன்புக் கஞ்சி காச்சுறப்ப எப்புடி ருசி பாக்குறது? கண்ணு இருக்கு, காது இருக்கு, கை இருக்கு. அது போதும்."

முதலில் என்னைத்தான் அடுப்பண்டை அழைத்தார். நான் இரண்டடி தள்ளியே நின்றேன். அவர் கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கலக்கி ரெகுலேட்டரிலும் குழாயிலும் பூசினார். "குமிழி வந்தா கசியுது. வரலைன்னா கசியல. மூக்கு வேணாம்." குமிழி வரவில்லை. தீக்குச்சியைக் கிழித்தேன். நீலப் பூ ஒன்று சத்தமில்லாமல் மலர்ந்தது. அணைக்கச் சொன்னார், மறுபடி பற்றவைக்கச் சொன்னார். நான் தயங்காமல் பற்றவைக்கும் வரை விடவில்லை.

பகல் முழுவதும் வெங்காயம். எண்ணெயில் போட்டுவிட்டு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "மொதல்ல சளசளன்னு பேசும். தண்ணி வத்துனா சத்தம் சன்னமாகும். அதுக்கப்புறம் செத்த நேரம் அமைதி. அங்கதான் கண்ணத் தொறக்கணும்."

கேட்டுக்கொண்டிருந்தேன். தென்னை ஓலைகளின் சரசரப்பும் எண்ணெயின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து, எங்கோ தொலைவில் மழை பெய்வது போலிருந்தது. மழை மெல்ல ஓய்ந்தது. கண்ணைத் திறந்தேன். வெங்காயம் பொன்னிறத்தின் விளிம்பில் நின்றது. இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக உணவு ஏதோ ஒன்றை என்னிடம் சொன்னது. கரண்டியை எடுத்துக் கிளறினேன்.

இரவு பேருந்து நிலையத்துக்கு அருகே எழுநூறு ரூபாய் அறையில் தூங்கினேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது மெகரக்கா ஒரு செய்தி வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து விவசாயிக்குப் போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டதாம். முன்பு போட்ட குழிகள் எல்லாம் புழுதி. அந்த மகிழ்ச்சியில் ஆள்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பிரியாணி போடுகிறார். முப்பது பேருக்கு மேல்.

"பிரியாணிய நான் பாத்துக்கிறேன். வெஞ்சனம் உங்க பொறுப்பு. தயிர்ப் பச்சடியும் தால்ச்சாவும்."

தேவி முகம் வெளுத்தது. "அக்கா, காசு குடுத்துச் சாப்பாடு சொன்னவங்க. நாங்க கெடுத்துட்டா?"

"கெட்டா என் பேருதான் கெடும். பயம் எனக்கு இருக்கட்டும். நீங்க வேலையப் பாருங்க."

பருப்பை வேகவைத்து, எலும்பைப் போட்டு, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துப் புளி விட்டுக் கொதிக்கவைக்கும் குழம்புதான் தால்ச்சா. மாங்காய் நத்தத்திலிருந்து வந்தது. செல்லமுத்து காய்களை நறுக்கினார். தேவி பருப்பைக் கடைந்தார். தாளிப்பு என்னுடையது. அண்டாவிலிருந்து எழுந்த ஆவியில் தென்னைகள் தண்ணீருக்குள் நிற்பது போல அசைந்தன.

பதினொன்றரைக்கு செல்லமுத்து கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். "ஏனுங்க, பிரமாதமா இருக்குதுங்க. எறக்கிறலாம்."

தேவியும் குடித்துப் பார்த்தார். "ஆமா, வாசனையே தூக்குது."

நான் கொஞ்சம் நாக்கில் விட்டேன். புளிப்பு இருந்தது, காரம் இருந்தது. உப்பு எங்கோ அடியில் கிடந்தது.

"உப்பு பத்தல," என்றேன்.

"இல்லீங்களே, எனக்குச் சரியாத்தான் இருக்குது," என்றார் செல்லமுத்து. தேவியும் மறுபடி குடித்துவிட்டுத் தலையாட்டினார். மூவரும் மெகரக்காவைப் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குறீக? எனக்குத்தான் நோன்பு. முடிவச் சொல்றவரு யாரோ அவரே போடட்டும்," என்று பிரியாணிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்டா நிறைய முப்பது பேரின் மதியம். அதிகமாகிவிட்டால் எடுக்க முடியாது. வாசனை அறிந்த இருவர் போதும் என்கிறார்கள். பாதி நாக்கோடு நான் போதாது என்கிறேன். 'சரி, இறக்கிவிடலாம்' என்று சொல்ல வாய் எடுத்தேன். எத்தனையோ காலமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். இல்லை, போதவில்லை. வேறெதுவும் தெரியாத நாக்குக்கு இது ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துத் தூவினேன். கலக்கினேன். பார்த்தேன். இன்னும் அரைக் கைப்பிடி.

செல்லமுத்து தயங்கித் தயங்கிக் குடித்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, "எனக்கு பிரஷருங்க. வீட்டுல உப்பே கம்மிதான். பழகிப்போச்சுங்க," என்றார். தேவி இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து வேப்பமர நிழலில் பந்தி. அருகிலேயே புதுக் குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. நான் தால்ச்சா வாளியோடு வரிசையில் போனேன். உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. விருந்து போட்ட விவசாயி மட்டும் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பு, தால்ச்சா இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு ஊத்து," என்றார். இரண்டாம் முறை ஊற்றினேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. இலையை என் பக்கம் சற்றுத் தள்ளிக் காட்டினார்.

செல்லமுத்துவும் தேவியும் நான்கு மணிக்கே புறப்பட்டார்கள். நான் இருந்தேன். மெகரக்கா ஒரு கிண்ணம் தால்ச்சாவை மூடி எடுத்துவைத்திருந்தார். பொழுது சாய்ந்து, தொலைவில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்தார். தொழுதுவிட்டு வந்து, கிண்ணத்தில் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"நானா இருந்தா இன்னுங் கொஞ்சம் புளி விட்டிருப்பேன்."

என் முகம் சுருங்கியிருக்க வேண்டும்.

"நானா இருந்தான்னு சொன்னேன் தம்பி. இது உங்க கை. ஊருக்குப் போயி என்னைய மாதிரி வைக்காதீக," என்று கிண்ணத்தை வழித்து முடித்தார்.

ஏழு மணிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருள் கவிந்த சமவெளியில் ஆலை விளக்குகள் மிதந்துகொண்டிருந்தன. எங்கள் கடற்கரையில் இந்நேரம் காற்று உப்பாக வந்து தோலில் ஒட்டும். இங்கே காற்றுக்குத் தொடுகையே இல்லை. உலர்ந்து, லேசாக, யாரோ கடந்து போனது போல வந்து போகிறது. தாடிக்கொம்பில் ஏறிய ஒரு நூற்பாலைத் தொழிலாளி, இரவுப் பணிக்குப் போகும் சீருடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"விசேச வீட்டுலருந்தா வாரீக? கமகமன்னு இருக்கு."

சட்டைக் கையைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனேன். எனக்கு அது வெறும் துணி.

"தால்ச்சா," என்றேன். "நான் வச்சது."

"நல்லா வச்சிருக்கீக போல," என்று சொல்லி, இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடி ஒருமுறை மூச்சை ஆழ இழுத்தார். அவர் இறங்கும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.