இடப்பக்கம் ஒரு சுறா, வலப்பக்கம் ஒரு சுறா

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, நிர்மலா மூன்று வருடமாக லட்சத்தீவுப் புலிச்சுறாக்களைப் பார்த்துவந்தாள். ராமாபுரம் என்ற கிராமத்துப் பெண், பி.காம். படிப்பு. சுறா ஆராய்ச்சிக்கு என்ன தகுதி என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது, "பொறுமை இருக்குதுங்க" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

தீவுகளை ஒட்டிக் கடலடியில் ஒரு கேமராவையும், சூரை மீன் அடைத்த கூடையையும் இறக்குவார்கள். வீடியோ மைசூருக்கு வரும். சுறா வந்தால் நேரத்தைக் குறித்து, அதன் விலாவில் இருக்கும் வரிகளைப் படமாக வெட்டி கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். வரி சுறாவுக்குக் கைரேகை மாதிரி. ஏற்கெனவே பார்த்த சுறாவா, புதுசா என்று சாஃப்ட்வேர் சொல்லும். பெரும்பாலும் சுறா வராது. ஒரு கடல் அட்டை நாற்பது நிமிடத்தில் ஒரு சாண் நகர்ந்ததை நிர்மலா முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

ஆய்வுத் தலைவர் வேதாந்த், இரண்டு கண்டங்களில் படித்தவர். சுறாக்களுக்கு டி-3, டி-17 என்று எண் வைத்திருந்தார். அது நிர்மலாவின் மண்டையில் ஏறவில்லை. கூடையை ஒரு முட்டு முட்டி, ஒன்றும் தின்னாமல், எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுப் போகும் பெரிய பெண் சுறா டி-6. அதற்கு அவள் தன் மாமியார் பெயரை வைத்தாள்: வள்ளியாத்தாள். அதன் முதுகுத் துடுப்பின் நுனி கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும்.

மொத்தம் நாற்பத்தொரு சுறாக்கள் என்று வேதாந்த் அறிக்கை எழுதி முடித்த வாரம், தெற்குத் தீவில் பதிவான டி-29-ஐ நிர்மலா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே கடித்த பிஸ்கட். நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், டி-29 புதுசு இல்லீங்க. நம்ம வள்ளியாத்தாதான்."

"யாரு?"

"டி-6 சார்."

"வரியே வேற, பாருங்கோ. சாஃப்ட்வேர் மேட்ச் ஆகலேன்னு சொல்றதே."

"அது இடப்பக்கமுங்க, இது வலப்பக்கம். எங்கூர்ல எருமைய இந்தப் பக்கம் பாத்தா ஒண்ணு, அந்தப் பக்கம் பாத்தா இன்னொண்ணுன்னு எண்ண மாட்டோமுங்க."

வேதாந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "இத யார்கிட்டயாவது சொன்னேளா?"

"வாட்ச்மேன்கிட்ட மட்டுமுங்க."

நான்கு நாள் இருவரும் துடுப்புத் துடுப்பாகப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று இருபத்திரண்டில் வந்து நின்றது. வேதாந்துக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நிர்மலா தன் புளிசாதத்தையும் தின்று, அவருடைய தயிர்சாதத்துக்கும் ஒரு வழி பண்ணினாள். கை கழுவிவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தவள், "சார், வள்ளியாத்தா தை மாசம் வடக்குத் தீவுல இருந்திருக்கா, மூணு வாரத்துல தெக்குத் தீவுல இருக்கா. நடுவுல அத்தன தூரம் நீந்திப் போயிருக்கா, இல்லீங்களா?" என்றாள்.

வேதாந்த் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒவ்வொரு தீவுச் சுறாவும் அந்தந்தத் தீவை விட்டு நகராது என்றுதான் அவர் அறிக்கையில் பன்னிரண்டு பக்கம் வாதாடியிருந்தார். அந்தப் பன்னிரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. ஆறு சுறாக்கள் தீவு விட்டுத் தீவு போயிருந்தன.

அடுத்த கருத்தரங்கில், "எண்ணிக்கையில் ஒரு சின்னத் திருத்தம்" என்று தொடங்கிப் பாதியைக் குறைத்தார். பிறகு பயண வரைபடத்தைத் திரையில் போட்டார். வரைந்தவள் நிர்மலா. கோட்டின் மேல் கொட்டை எழுத்தில் 'வள்ளியாத்தாள்' என்று இருந்தது. டி-6 என்று அவர் சமாளிப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

ஆய்வுக் கட்டுரையில் நிர்மலாவின் பெயர் மூன்றாவதாக வந்தது. "என்ன வேணும், கேளுங்கோ" என்றார் வேதாந்த், தாராள மனசோடு.

"கூடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேமரா வைக்கணுமுங்க. அப்புறம் எனக்கு முதுகு சாயுற மாதிரி ஒரு நாற்காலி."

கேமரா அந்த மாதமே கடலுக்குள் போய்விட்டது. நாற்காலிக்கு ஒப்புதல் வரவேண்டியிருக்கிறது.