மைல்கல்தோறும் உட்கார்ந்த மதினி

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஒரு மைல்கல். பாவூர்சத்திரத்துக்கு முன்னால், புளியமர நிழலில் நின்ற கல். மஞ்சள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மதினி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து எங்களோடு கிளம்பிய கூட்டம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. "எந்திரிங்க மதினி, வெயில் ஏறுது" என்றால், "என்னட்டி அவசரம்? முருகன் எங்கயும் ஓடியா போயிருவான்?" என்பாள். அடுத்த மைல்கல்லிலும் இதே கதைதான்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் ஏழு வருஷம் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள். அண்ணன் எழுந்துவிட்டார். ஐம்பதுகளின் பின்பாதி அது. விடியுமுன் குற்றாலத்தில் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கிளம்புவோம். மற்றவர்கள் நான்கு நாளில் போய்ச் சேரும் தூரம் மதினிக்கு ஆறு நாள். துணைக்கு நான். துணை என்பது பேச்சுக்கு. அப்பா என்னை அனுப்பியது காவலுக்கு. எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோடு வைத்திருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளிக்கும் நேரம்தான் நான் தெருவைப் பார்க்கும் நேரம். அடைபட்ட ஒருத்திக்கு அடைபட்ட இன்னொருத்தி காவல். அப்பாவுக்கு அதில் இருந்த வேடிக்கை புரியவே இல்லை.

காவல் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். மதினியின் பிறந்த ஊர் ஆலங்குளம் தாண்டி அதே சாலையில் இருந்தது. எங்கள் அக்காவை மதினியின் தம்பிக்குக் கட்டுவதாகப் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அவன் கடைசி நேரத்தில் வேறு இடத்தில் பெண்ணெடுத்துக்கொண்டான். அன்றைக்கு அப்பா முற்றத்தில் நின்று சொன்னார்: "இந்த வீட்டு ஆளு எவளும் அந்த வீட்டு வாசலை மிதிக்கப்படாது. மிதிச்சா அங்கனயே இருந்துக்கிட வேண்டியதுதான்." தம்பி செய்த காரியத்துக்கு அவன் அக்காளான மதினிமேல் கதவு சாத்தப்பட்டது. கடிதம் கிடையாது, ஆள் விட்டு விசாரிப்பது கிடையாது. அண்ணன் அப்பாவின் எதிரே வாய் திறக்கிற ஆள் இல்லை. பிறகு அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோதுதான் மதினி அப்படி நேர்ந்துகொண்டாள்.

அவள் ஏன் அப்படி ஊர்ந்தாள் என்பது முதல் வருஷம் இரண்டாம் நாள்தான் எனக்கு விளங்கியது. கூட்டத்தோடு போனால் முதல் இரவு ஆலங்குளத்தில் தங்கி, விடியுமுன் இருட்டில் அவள் ஊரைக் கடந்துவிடுவோம். மதினியின் நடையில் முதல் இரவு பாவூர்சத்திரத்தைத் தாண்டாது. மறுநாள் உச்சி வெயில் நேரத்தில், கூட்டமெல்லாம் முன்னே போய்விட்ட பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த ஊர் முகப்பில் வந்து நிற்போம். அங்கே ஓலை வேய்ந்த ஒரு தண்ணீர்ப்பந்தல். நடந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தது மதினியின் அம்மா. நேர்ச்சை நடையை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. நடக்கிறவளும் எந்த வீட்டுக்குள்ளும் போகக்கூடாது. மதினி அதையும் மீறவில்லை, அப்பாவின் சொல்லையும் மீறவில்லை. தெருக்கோடியில் தெரிந்த தன் வீட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் சாயும்வரை அம்மாவும் மகளும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மகளின் காலை மடியில் எடுத்து வைத்து வேப்பெண்ணெய் தடவினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டாட்டி?" என்று மோரை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வருஷத்துக்கு நாலு மணி நேரம். காவல்காரி நான் பந்தல் காலில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்தேன்.

மூன்று வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் போயிற்று. அப்பாவும் அண்ணனும் இலையில் இருந்தார்கள். பக்கத்திலேயே எனக்கும் இலை. அம்மா ஊற்றிய மோர் புளித்துக் கிடந்தது. எனக்கு வாய்த்துடுக்கு. "மோருன்னா மதினி அம்மா ஊத்துத மோரு. இஞ்சியத் தட்டிப் போட்டு, என்னா ருசியா இருக்கும்!" என்றேன்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த மதினியின் கை அப்படியே நின்றது. அண்ணன் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. அப்பா சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் நிதானமாகச் சாப்பிட்டு, கையலம்பி, துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி வார விசாகத்துக்கு எல்லாரும் பஸ்ஸுல போவோம்." அம்மா மெல்ல, "அவ நேந்துக்கிட்டது ஏழு வருசம்லா?" என்றாள். "முருகன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் அப்பா. மதினி என்னைத் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

அந்த வைகாசியில் பஸ்ஸில் போனோம். மதினி ஜன்னலோரம், நான் பக்கத்தில், முன் சீட்டில் அப்பா. ஆலங்குளம் தாண்டியதும் பந்தல் வந்தது. அந்த அம்மா செம்பும் கையுமாகச் சாலையோரம் நின்று, நடந்து வருகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரக்கூடிய ஆளையா அவள் எதிர்பார்த்தாள்? மதினி கூப்பிடவில்லை. புழுதியில் பந்தல் மறைந்தது. அவ்வளவுதான், ஒரு கொட்டாவி விடும் நேரம்.

அடுத்த தை மாதம் அந்த அம்மா இறந்துபோனாள். சாவுக்கு மட்டும் அப்பா விலக்குக் கொடுத்தார், வாடகைக் கார் பிடித்து அனுப்பினார். என் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் நான் போகக்கூடாது என்றுவிட்டார்கள். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அப்பா இல்லை, அண்ணன் இல்லை, மதினியும் போய்ப் பல வருஷமாகிறது. விசாகத்துக்கு இன்றும் அந்தச் சாலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக, யாரையும் கேட்காமல் நடந்து போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரியம் முடிந்து திரும்பிய மதினி அடுப்படியில் என்னிடம் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. அதைக் குத்திக்காட்டவென்று அவள் சொல்லவில்லை, வேறு யாரிடம் சொல்வாள்?

"ஏட்டி, விசாகம் முடிஞ்சும் அம்மா பந்தலைப் பிரிக்க விடலையாம். ஐப்பசி மழையில தானா விழுந்துச்சாம். அதுவரைக்கும் தெனமும் மோரு கடைஞ்சு கொண்டுக்கிட்டுப் போயி உக்காந்திருக்கா. கேட்டவங்ககிட்ட, அவ மெதுவாத்தான் வருவான்னு சொன்னாளாம்."