உளி சீவிய தாலி

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். சகுனம், ராசி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்ட நான்தான் அன்று மத்தியானம் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில், உளியும் கையுமாக வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை லினோ என்கிற ரப்பர் மாதிரித் தகட்டில் செதுக்கிக்கொண்டிருந்தேன். கண், மூக்கு கிடையாது. அகலத் தோள், நீளக் கழுத்து, மடியில் இரண்டு பெரிய கைகள், அவ்வளவுதான். மை உருட்டித் தாளில் அச்செடுத்தால், லினோவில் தோண்டிய இடம் வெள்ளையாக விழும், விட்டுவைத்த இடம் கறுப்பாக விழும். கழுத்தைத் தோண்டி வெளுப்பாக்கி, தாலிக்கயிற்றை மட்டும் ஒல்லியான மேடாக விட்டிருந்தேன். லினோவைக் கொஞ்சம் வெயிலில் வைத்து இளக்கியிருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமையே கிடையாதே! விறைப்பாக இருந்ததில் அழுத்தினேன். உளி வழுக்கி, கயிற்றைக் குறுக்கே சீவிக்கொண்டு போய்விட்டது.

அத்தான் இரண்டு நாள் முன்பு செம்பட்டியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருந்தார். போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். அதேதான். சீவலுக்குள் அந்தத் துண்டைத் தேடியெடுத்துப் பசை போட்டு ஒட்டினேன். மை உருளை பட்டதும் பிய்ந்து உருளையோடு வந்துவிட்டது. அப்படியே ஒரு தாளில் அச்செடுத்துப் பார்த்தேன், கயிறு அறுந்தே விழுந்தது. என் கையில் கொள்ளியை வைக்க! அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

ஒரு வாரமாக அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். "ஒனக்குப் படத்துக்கு ஒக்காரத்தான் வந்தேன்" என்று சொல்லியிருந்தாள். டீயோடு மாடிக்கு வந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"அக்கா, கை தவறிருச்சுக்கா. தாலி அந்துபோச்சு. அத்தானுக்கு வேற போன் போகமாட்டேங்குது. பயமா இருக்குக்கா."

காய்ந்துகொண்டிருந்த தாளை அவள் நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள். என்ன பொம்பளை இவள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்போது போன் அடித்தது. அத்தான்தான்!

"சார்ஜ் போயிருச்சு. வடமதுரை தாண்டிட்டேன். செத்த நேரத்துல வாரேன், ஒங்கக்காவக் கெளம்பி நிக்கச் சொல்லு."

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அத்தான் வந்துக்கிட்டு இருக்காருக்கா!" என்று சிரித்தபடி திரும்பினேன்.

அக்கா கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, டீ சேலையெல்லாம் சிந்தியது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னைய அனுப்பிராதடி" என்றாள். "போன வாட்டி பெல்ட்டால அடிச்சாரு. இந்த வாட்டி கொன்னேபுடுவாரு."

ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோள் வரைக்கும் கன்றிக் கறுத்திருந்தது. ஒரு வாரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள். நான் அந்தத் தோளைத்தான் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தேன்.

அந்த ஆள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று அவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டவள் நான். கீழே ஓடிப்போய் வாசல் கேட்டை இழுத்துப் பூட்டினேன்.