கனியக்காவின் ‘அப்புறம்?’

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கடந்த பதினெட்டு நாள்களாக நிரம்பி வழியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகும் ஒரே ஆள் மாடி வீட்டில் இல்லை.

டெங்கு என்று அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்தாம் நாள் காலை, அம்மா செல்போனைப் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “கனி போயிருச்சு சாமி” என்றார். “ஊருக்கா? சொல்லாமக்கூடயா?” என்று கேட்டேன். நான் அடித்த ஜோக்குகளிலேயே மட்டமானது அது. ஜோக் என்று தெரியாமல் அடித்தது.

இந்த நினைவு மலரைப் படிக்கும், உடன் பணியாற்றிய உங்களுக்கு அவர் முனைவர் செல்லக்கனி. எனக்கு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் எங்கள் மாடியில் குடியிருந்த கனியக்கா. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முதுமுனைவர் ஆய்வு என்று பெயராம். “முனைவர் ஆனப்புறமும் முனையோணுமாக்கா?” என்றேன். “முனை மழுங்கிரக் கூடாதுல்லா, அதுக்குத்தாம்ல” என்றார். சொல் விளையாட்டில் என்னை மடக்கிய ஒரே ஆள்.

அடிபட்ட குழந்தைகள், கவனிக்க ஆளில்லாத குழந்தைகள் பற்றியது அவர் ஆய்வு. அவர்களிடம் தனியாகப் பேச அனுமதி வேண்டுமென்றால் முதலில் ஒரு தேர்வில் தேற வேண்டும். அட்டையில் எழுதிய கதை ஒன்றை ஒரு பையன் நடிப்பான். பதிலை அவன் வாயில் திணிக்காமல் கேட்டு வாங்க வேண்டும். “அடிச்சாங்களா?” என்று கேட்டால் போச்சு. “அப்புறம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அக்கா ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தார். அம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட, அந்தப் பையன் வேஷம் எனக்கு வந்தது. அவரைத் தேற வைத்தவன் நான்தான் என்பதை இங்கே பணிவில்லாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் ஒத்திகையிலேயே வில்லங்கம். “அம்மா ஊட்டுல இல்லீங்க” என்றேன். மறுநாள் அவர் குறிப்பேட்டைப் பார்த்தால், ‘அம்மா ஊட்டவில்லை’ என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ‘பராமரிப்பின்மை’.

“அக்கா, ஊடுன்னா வீடுங்க. அந்தம்மா கடைக்குப் போயிருக்குது, அவ்வளவுதான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒத்தச் சொல்லுல ஒரு தாயைக் குத்தவாளி ஆக்கிட்டேனேல” என்றார். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் பேச்சில் எது புரியாவிட்டாலும், பேனாவை மூடிவிட்டுத் திருப்பிக் கேட்பார்.

இன்னொரு நாள் அட்டையை ஓரங்கட்டிவிட்டுக் கதை விட்டேன்.

“அப்பா போர் போடப் போனாருங்க.”

“அப்புறம்?”

“ரிக்கு வண்டியோட பூமிக்குள்ள போயிட்டாருங்க.”

“அப்புறம்?”

“அந்தப் பக்கம் அமெரிக்காவுல ஏறுனாருங்க.”

“அப்புறம்?”

“விசா இல்லேன்னு அதே குழியில திருப்பி உட்டுட்டாங்க.”

அவர் முகம் அசையவே இல்லை. நான்தான் முதலில் சிரித்தேன். “நீ பொய் சொன்னாலும் கேப்பேன். சில பிள்ளைங்க பொய்யச் சொல்லிச் சொல்லித்தாம்ல பக்கத்துல வருது” என்றார்.

அவர் ஸ்கூட்டி இன்னும் வாசலில் நிற்கிறது. தம்பி வந்து எடுத்துப்போவாராம். ஏற்காடு ரோட்டில் அதே மாதிரி சத்தம் கேட்டால் கேட்டைத் திறக்கப் போய்விடுகிறேன். புதிதாக ஒரு கடி ஜோக் தோன்றினால் மாடியைப் பார்க்கிறேன். நண்பர்கள் உடனே சிரித்துவிடுகிறார்கள். சிரிக்காமல் கடைசிவரை கேட்க ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

இனி, மேலே அடித்த தம்பட்டம் பற்றி. உங்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரிந்திருக்கும்; இதுவரை பொறுத்ததற்கு நன்றி.

ஒன்பதாம் வகுப்பை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பி வந்தேன். பிளஸ் ஒன்னுக்கு மறுபடி அங்கேயே அனுப்ப அம்மா முடிவு செய்திருந்தார். அந்த நேரத்தில்தான் அஸ்தம்பட்டி அலுவலகத்தில் அக்காவின் தேர்வு. கேமராவுக்குப் பின்னால் அவருடைய பேராசிரியர். அட்டையில், விடுதியிலிருந்து ஓடிவந்த பையன். மூன்றாவது “அப்புறம்?” வந்தபோது, “ஜல்லிக்கல்லு மேல முட்டி போட வெச்சாங்க. எந்திரிச்சா வயர்ல அடிப்பாங்க” என்றேன். அது அட்டையில் இல்லை.

அக்கா பேனாவை வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கேமராவை அணைத்தார்.

“இன்னும் நேரம் இருக்கே, கன்டினியூ பண்ணுங்க” என்றார் பேராசிரியர்.

“முடியாது மேடம். இவன் நடிக்கல.”

பாதியில் நிறுத்தினால் தேர்ச்சி இல்லை என்பது விதி. திரும்பும்போது ஸ்கூட்டியில், “உங்க பரீட்சை போச்சுங்களேக்கா?” என்றேன்.

“அது கெடக்கட்டும்ல. இத நான் மூடி வைக்க முடியாது. ஒங்கம்மாட்ட சொல்லணும், சொல்ல வேண்டிய எடத்துலயும் சொல்லணும். நீ கூட இருப்பேல்லா?”

இருந்தேன். அம்மா என்னை அங்கே அனுப்பவில்லை.

மூன்று மாதம் கழித்து வேறொரு பெண் நடிக்க, அக்கா தேறினார். நன்றாக நடித்தாளாம், அட்டையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லையாம். என் முறை வந்த அன்று, அந்த அறையில் தேறியது நான் மட்டும்தான்.